மங்குஸ்தான் தோலும் மாத்திரையும்

வலது தோள் கல்லாகிக் கிடந்தது. கொக்கி அதை இடது கையால் தூக்கி நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு, எழுந்திருக்கத் தெம்பு வரும்வரை பாயிலேயே படுத்திருந்தார். முந்தின நாள் இறங்கிய லாரி முழுக்க ஈரத் தோல். மழையில் நனைந்த மங்குஸ்தான் தோல் மூட்டை காய்ந்த மூட்டையைவிட இரண்டு மடங்கு கனக்கும். கூலி என்னவோ மூட்டைக்குத்தான். ஈரத்துக்கென்று யாரும் தனியாகத் தருவதில்லை.

பெற்றவர்கள் வைத்த பேர் வேறு. மூட்டை இழுக்கிற இரும்புக் கொக்கியை எப்போதும் உடம்போடு வைத்துக்கொண்டு திரிவதால் தொழிற்சாலையில் வைத்த பேர் இது. மூக்கு வளைந்திருப்பதாலும்தான் என்று சொல்பவர்கள் உண்டு. அவர் இல்லாதபோது சொல்வார்கள்.

சுவருக்கு அந்தப் பக்கம், அடுப்படியில், மகளும் மருமகனும் பேசிக்கொண்டிருந்தார்கள். மெதுவாகப் பேசினார்கள். இரண்டே அறை உள்ள வீட்டில் மெதுவாகப் பேச என்ன இருக்கிறது? கொக்கி மூச்சைப் பிடித்துக்கொண்டு காதைக் கொடுத்தார்.

"மாத்திரையை டீயோட போட்டியா?"

"டீயைக் கண்ணால பார்த்தே ரொம்ப நாளாச்சு. அப்பா டீத்தூள் டப்பாவையே தூக்கிப் பரண்ல வெச்சுட்டாரு."

"அப்புறம் ஏன் ரத்தம் ஏறல?"

"என்னைக் கேட்டா? நீங்கதானே மருந்துக்கடை."

அதைத்தான் நானும் கேட்கிறேன் என்று கொக்கி மனசுக்குள் சொல்லிக்கொண்டார்.

மகளுக்கு ஏழாம் மாதம். உதட்டில் நிறம் இல்லை. கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் வெளுத்த துணி மாதிரி இருந்தது. கிளினிக் நர்ஸம்மா சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டாள்: "ரத்தம் இப்படியே இருந்தா பிரசவத்துக்கு நாங்க கை வைக்க மாட்டோம். பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும். போனாலும் நான் வாக்குக் குடுக்க முடியாது." கொக்கியின் மனைவி இரண்டாவது பிரசவத்தில் ரத்தம் போதாமல்தான் போனாள். பிள்ளையும் அவளோடு போயிற்று. அன்றைக்கு அவர் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். உள்ளே என்ன நடக்கிறது என்று யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. இந்தத் தடவை எல்லாவற்றையும் கேட்பது, எவனையும் நம்புவதில்லை என்று முடிவு செய்திருந்தார்.

நம்பாமல் இருப்பதற்கு மருமகன் வாகாக அமைந்தான். ஒல்லி உடம்பு, மெல்லிய குரல், மருந்துக்கடையில் எடுத்துக் கொடுக்கிற வேலை. கையில் காய்ப்பு கிடையாது. கல்யாணமாகி மாமனார் வீட்டிலேயே தங்கிவிட்ட வீட்டோட மாப்பிள்ளை. இரும்புச்சத்து மாத்திரையை அவன்தான் கடையிலிருந்து கொண்டுவந்தான். அட்டைப்பெட்டி இல்லாமல், பாதியாக வெட்டிய அட்டை. தேதி இருக்க வேண்டிய ஓரத்தைக் காணோம்.

"தேதி எங்க மாப்ளே?"

"அது மத்த பாதியில இருக்கும் மாமா. அட்டையை வெட்டித்தான் குடுப்போம்."

"வெட்டினவருக்குத்தானே தெரியும், தேதி எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு."

மருமகன் சிரித்தான். கொக்கி சிரிக்கவில்லை. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பி ஏமாந்த காலம் அவருக்கு முடிந்துவிட்டது.

மாத்திரை மருமகன் பொறுப்பு என்றால், சாறு கொக்கியின் பொறுப்பு.

அவர் வேலை பார்த்த இடத்தில் பழத்துக்கு மதிப்பில்லை, தோலுக்குத்தான் மதிப்பு. பழத்தைத் தின்றுவிட்டுக் குப்பையில் எறிகிற மங்குஸ்தான் தோலை லாரி லாரியாக வாங்கி, கழுவி, வெந்நீரில் ஊறவைத்து, சாறு இறக்கி, பொடியாக்கி, விரல் நீள பாட்டிலில் அடைத்து விற்றார்கள். "தோலுக்கு வந்த வாழ்வைப் பாரு, நம்ம தோலுக்கு வரலையே" என்பான் ரேடியோ. கொக்கியோடு மூட்டை தூக்குகிறவன். வாய் மூடாததால் ரேடியோ.

ஒருநாள் மேனேஜர் எல்லாரையும் கூட்டி வைத்து, நாம் என்ன செய்கிறோம் என்று விளக்கினார். மங்குஸ்தான், நாவல், கொய்யா போன்ற பழங்களில் பாலிஃபீனால் என்று ஒன்று இருக்கிறது, அது ஆன்டிஆக்ஸிடன்ட் என்றார். யார் முகத்திலும் ஒன்றும் ஓடவில்லை என்று கண்டு இறங்கி வந்தார். "இரும்பு வெளியில கிடந்தா துருப்பிடிக்குதுல்ல? அந்த மாதிரி நம்ம உடம்பும் உள்ளுக்குள்ள துருப்பிடிக்குது. அதைத் தடுக்கிற சாமான் இது."

மற்றவர்கள் டீ வருகிறதா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொக்கி மட்டும் கேட்டார். ஆயுள் முழுக்க இரும்பைக் கையில் பிடித்தவர். துரு என்ன செய்யும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மகள் தின்பது இரும்பு மாத்திரை. வயிற்றில் ஈரமும் சூடும். இரும்பு துருப்பிடிக்க வேறென்ன வேண்டும்? அதனால்தான் ரத்தம் ஏறவில்லை என்று அவருக்குப் பட்டது. அன்றிலிருந்து, கூட்டித் தள்ளுகிற உலர்ந்த தோலில் ஒரு கை அள்ளிவந்து, கொதிக்கவைத்து, சர்க்கரை போட்டு, காலையில் மருமகன் கடைக்குப் போனபின் மாத்திரையோடு சேர்த்துத் தன் கையாலேயே கொடுத்தார். முன்னால் இல்லை, பின்னால் இல்லை. இரண்டும் ஒன்றாகத்தான் உள்ளே போக வேண்டும். மகள் முகத்தைச் சுளிப்பாள். நாக்கு மரத்துப் போகிற துவர்ப்பு.

"குடி. உங்கம்மாவுக்கு இதெல்லாம் யாரு குடுத்தா?"

அப்படிச் சொன்னால் அவள் குடித்துவிடுவாள்.

அடுத்த பரிசோதனையில் ரத்தம் இன்னும் குறைந்திருந்தது. கொக்கி யோசித்துப் பார்த்தார். சாறு கண்முன்னால் காய்ச்சினது. சோறு கண்முன்னால் வடித்தது. கண்ணுக்குத் தெரியாமல் வீட்டுக்குள் வந்தது ஒன்றே ஒன்றுதான்.

ரேடியோ எண்ணெய் ஊற்றினான். "மருந்துக்கடையில நடக்கிறது உனக்குத் தெரியாதுண்ணே. காலாவதி ஆனதைக் கம்பெனிக்குத் திருப்பி அனுப்பணும். எவன் அனுப்புறான்? வேலைக்காரன் தலையில கட்டுவான். உன் மாப்பிள்ளையும் ஓசியில வருதேன்னு கொண்டாந்திருப்பாரு."

"பார்த்தியா நீ?"

"பார்க்கிறதுக்கு என்ன இருக்கு? ஓசி மருந்து, ஓசி வீடு."

ஓசி வீடு என்றது கொக்கிக்குச் சுருக்கென்றது. கூடவே அது சரியாகவும் பட்டது.

தொழிற்சாலையில் இன்னொரு சங்கதி. சாறு இறக்குகிற கூடத்துக்குள் இரும்பு போகக் கூடாது. தொட்டி, வாளி, கத்தி எல்லாம் துருப்பிடிக்காத ஸ்டீல், இல்லாவிட்டால் பிளாஸ்டிக். கொக்கியும் கதவோரத்து ஆணியில் தன் கொக்கியை மாட்டிவிட்டுத்தான் உள்ளே போவார். ஒரு சமயம் புதிதாக வந்தவன் ஒருவன் துருப்பிடித்த இரும்பு வாளியைத் தொட்டிக்குள் விட்டுவிட்டான். செந்நிறச் சாறு கொஞ்ச நேரத்தில் மசியாகக் கறுத்தது. தொட்டி முழுவதையும் சாக்கடையில் திறந்துவிட்டார்கள். வாளியின் அழுக்கு சாற்றைக் கெடுத்துவிட்டது என்றுதான் மூட்டைக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். கறுத்தால் கெட்டது. அங்கே எல்லாருக்கும் தெரிந்த பாடம்.

மகள் ஒரு காலை மாத்திரையை விழுங்க முடியாமல் இரண்டு தடவை துப்பினாள். "தொண்டையிலயே நிக்குதுப்பா." கொக்கி மாத்திரையை வாங்கி, டம்ளரின் அடியால் நசுக்கிப் பொடியாக்கி, சாற்றில் கொட்டிக் கலக்கினார். அவளிடம் நீட்டப் போனவர் கையை இழுத்துக்கொண்டார்.

சாறு கறுத்துக்கொண்டிருந்தது. ஓரத்தில் ஆரம்பித்து, கலக்கக் கலக்க, டம்ளர் முழுவதும். அவர் வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தார். பேனா மசி. இன்னொரு டம்ளரில் வெறும் சாற்றை ஊற்றி வைத்தார். அது நிறம் மாறாமல் நல்ல பிள்ளையாக இருந்தது.

"என்னப்பா?"

"நீ இதைத் தொடாத. இனிமே அந்த மாத்திரையையும் தொடாத."

கறுத்த சாற்றை ஒரு பாட்டிலில் ஊற்றி, வேலைக்குப் போகாமல், நேரே மருந்துக்கடைக்கு நடந்தார்.

கடையில் காலைக் கூட்டம். கல்லாவில் முதலாளி, உள்ளே அலமாரிக்கும் மேசைக்கும் இடையில் மருமகன், மருந்துச் சீட்டைப் படித்து எடுத்துக்கொண்டிருந்தான். மாமனாரைக் கண்டதும் பதறிப்போய், "அவளுக்கு என்னாச்சு மாமா?" என்றான்.

கொக்கி பாட்டிலைக் கண்ணாடி மேசையில் நங்கென்று வைத்தார்.

"என்னாச்சுன்னா கேக்குற? நீ குடுத்த மாத்திரை இது. பாரு. எல்லாரும் பாருங்க! பிள்ளைத்தாச்சி வயித்துல இதைத்தான் இறக்கியிருக்கான். காலாவதியான மாத்திரை. தேதியை வெட்டிட்டுக் கொண்டாந்து குடுத்திருக்கான்!"

கல்யாணம் பேசிய நாளிலிருந்து அவர் மருமகனை 'நீங்க' என்றுதான் சொல்லிவந்தார். எவ்வளவு பிடிக்காவிட்டாலும் அந்த மரியாதை குறைந்ததில்லை. அது அந்த மேசையில் உடைந்தது. மருமகன் முகம் முதலில் வெளுத்தது அதற்குத்தான்.

"மாமா, மெதுவா. இதுல என்ன கலந்தீங்க?"

"பேச்சை மாத்தாதடா!"

"இல்ல மாமா, அது என்ன சாறு..."

"என் கையால காய்ச்சின சாறு. அதுல குத்தம் சொல்றியா? பொண்டாட்டிக்கே போலி மாத்திரை குடுக்குறவன் ஊருக்கு என்ன குடுப்ப?"

சீட்டு நீட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் கையை இழுத்துக்கொண்டாள். இன்னொருத்தர் வாங்கிய மருந்தைப் பையிலிருந்து எடுத்துத் தேதி பார்த்தார். முதலாளி கல்லாவை விட்டு எழுந்து வந்தார். அவர் பாட்டிலைப் பார்க்கவில்லை, வாசலில் கூடின தலைகளைப் பார்த்தார்.

"என் கடையில அப்படிப்பட்ட சரக்கு கிடையாது. அவன் எங்கிருந்து கொண்டுபோனானோ எனக்குத் தெரியாது," என்று வாசலுக்குக் கேட்கிற மாதிரி சொன்னார். அப்புறம் மருமகனிடம், குரலைத் தாழ்த்தி: "நீ கிளம்பு. நாளைக்கும் வரவேண்டாம்."

மருமகன் கையிலிருந்த சீட்டை மேசைமேல் வைத்தான். மருந்து எடுப்பதற்காகத் திறந்திருந்த இழுப்பறையை மூடினான். மாமனாரைப் பார்க்காமல் இறங்கிப் போனான்.

அதற்குப் பிறகு வீட்டில் பேச்சு இல்லை. மருமகன் தண்ணீர் கேன் போடுகிற வேலைக்குப் போனான். வேறொரு கடையில் காசு கொடுத்து வாங்கிய மாத்திரையை, பெட்டியோடு, தேதியோடு, பில்லோடு கொண்டுவந்து மகளிடம் கொடுத்தான். கொக்கி அதை வாங்கிச் சாக்கடையில் போட்டார்.

"அப்பா, இது வேற கடை!"

"கொண்டுவந்த கை ஒண்ணுதானே?"

மாத்திரை நின்றது. சாறு இரண்டு வேளையாயிற்று. மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். மாடிப்படி ஏறினவள் மாதிரி உட்கார்ந்த இடத்திலேயே மூச்சு வாங்கினாள். மாத்திரை விஷம் உடம்பைவிட்டுப் போக நாளாகும் என்று கொக்கி தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆனாலும் அவருக்குத் தூக்கம் கெட்டது. புகார் எழுதிக்கொடுத்துவிட வேண்டும். அதற்கு ஒரு படித்த ஆள், இது விஷம்தான் என்று சொல்ல வேண்டும்.

தொழிற்சாலை லேபில் ஒரு இளம்பெண் வேலை பார்த்தாள். சாறு நல்லதா கெட்டதா என்று சொல்வது அவள். சாப்பாட்டு நேரத்தில் கொக்கி பாட்டிலை எடுத்துக்கொண்டு அவள் கதவைத் தட்டினார்.

"மேடம், இதுல என்ன விஷம் இருக்குன்னு பார்த்துச் சொல்லணும்."

அவள் பாட்டிலைக் குலுக்கிப் பார்த்தாள். "நம்ம தோல் சாறுதானேண்ணே இது? இரும்பு வாளியில காய்ச்சினீங்களா?"

"இல்ல. ஸ்டீல் பாத்திரம். மாத்திரை போட்டேன்."

"இரும்பு மாத்திரையா?"

"எப்படித் தெரியும்?"

அவள் இரண்டு கண்ணாடிக் குழாயில் சாறு ஊற்றினாள். தன் கைப்பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்தாள். அவளும் இரும்பு மாத்திரை சாப்பிடுகிறாளாம். வேறு கம்பெனி, வேறு கடை. ஒன்றைப் பொடித்து முதல் குழாயில் போட்டாள். இரண்டாவதில் தலைவலி மாத்திரையைப் பொடித்துப் போட்டாள். முதல் குழாய் கறுத்தது. இரண்டாவது அப்படியே இருந்தது.

"அப்போ உங்க மாத்திரையும் போலியா?" என்றார் கொக்கி.

"ஐயோ அண்ணே, போலியா இருந்தா கறுக்காது. உள்ள இரும்பே இல்லாத வெறும் மாவுன்னா சாறு செவப்பாவே இருந்திருக்கும். நீங்க கொண்டாந்தது இவ்ளோ கறுத்திருக்குன்னா, மாத்திரையில இரும்பு ஒழுங்கா இருந்திருக்குன்னுதான் அர்த்தம்."

"அப்போ சாறுதான் கெட்டதா?"

"அதுவும் கெட்டதில்ல. ரெண்டையும் சேர்க்கிறதுதான் தப்பு. இந்தத் தோல்ல இருக்கிற பாலிஃபீனால் இரும்பைக் கண்டா பிடிச்சுக்கும், விடாது. தொட்டியிலயும் அதான், வயித்துலயும் அதான். இரும்பு ரத்தத்துக்குப் போகாம அப்படியே வெளிய போயிரும். டீயோட மாத்திரை போடாதீங்கன்னு சொல்றாங்கல்ல? டீயிலயும் இந்த வகை சாமான்தான் இருக்கு. இதுல இன்னும் எவ்வளவோ ஜாஸ்தி. யாருக்குக் குடுத்தீங்க?"

கொக்கி யாருக்கு என்று சொன்னார். அவள் கையிலிருந்த குழாயைக் கீழே வைத்தாள்.

"மாத்திரையோடயேவா?"

"துருப்பிடிக்காம இருக்கட்டும்னு... மேனேஜர்தான் சொன்னாரு, துருவைத் தடுக்கும்னு."

"அது சும்மா நமக்குப் புரியறதுக்காகச் சொல்ற உதாரணம்ணே. மாத்திரைக்கு எங்க துரு? முதல்ல சாறை நிறுத்துங்க. அதுவும் பிள்ளைத்தாச்சிக்கு, டாக்டரைக் கேக்காம இந்த மாதிரி தோல் கஷாயமெல்லாம் குடுக்கவே கூடாது. மாத்திரையைத் தண்ணியோட குடுங்க. இன்னைக்கே கிளினிக்குக் கூட்டிட்டுப் போங்க."

கொக்கி வெளியே வந்து மூட்டைமேல் உட்கார்ந்தார். பழைய புத்தி சும்மா இருக்கவில்லை. இந்தப் பெண் ஏன் இப்படிச் சொல்கிறாள்? கம்பெனிச் சம்பளம் வாங்குகிறவள். ஆனால் கம்பெனித் தோல்மேல் அல்லவா பழியைப் போடுகிறாள்? மருமகனை அவளுக்குத் தெரியாது. மருந்துக்கடை முதலாளியைத் தெரியாது. அவள் பொய் சொல்ல ஒரு காரணம் கிடைக்குமா என்று அவர் எல்லாப் பக்கமும் துழாவினார். கிடைக்கவில்லை.

"என்னண்ணே, விஷம்தானாமா?" என்று ரேடியோ ஓடிவந்தான்.

"ஆமாடா. காய்ச்சினவனைத்தான் பிடிக்கணும்," என்று எழுந்து போனார்.

அன்று சாயங்காலமே மகளைக் கிளினிக்குக் கூட்டிப்போனார். நர்ஸம்மா முதலில் திட்டினாள். பிறகு டாக்டர் இரும்புச்சத்தை நரம்பு வழியாக ஏற்ற எழுதிக்கொடுத்தார். மாத்திரையும் தண்ணீரோடு மறுபடி ஆரம்பித்தது. அதன்பின் தோலில் ஒரு கை அள்ள அவர் குனியவில்லை.

மகளிடம் அவர் சொன்னது இவ்வளவுதான்: "ரெண்டும் ஒண்ணா சேரக் கூடாதாம். லேப்ல சொன்னாங்க."

அவள் மக்கில்லை. "அப்போ அவரு குடுத்த மாத்திரை?"

"நல்ல மாத்திரைதானாம்."

"என்கிட்ட ஏம்ப்பா சொல்றீங்க? என்னையா கடை வாசல்ல வெச்சுத் திட்டுனீங்க?"

மருமகன் சட்டை நனைய வந்து கைகால் கழுவிக்கொண்டிருந்தான். கொக்கி துண்டை எடுத்து நீட்டினார். அவர் வாழ்க்கையில் யாருக்கும் துண்டு எடுத்துக் கொடுத்தவர் அல்ல.

"மாப்ளே, மாத்திரை நல்ல மாத்திரைதானாம்."

"அது எனக்கு முன்னாடியே தெரியும் மாமா." துண்டை வாங்கிக்கொண்டான். "தெரியாதவங்க அன்னைக்கு அங்க நின்னவங்கதான். அவங்க எனக்கு முகம் குடுக்க மாட்டேங்கிறாங்க. இந்தத் தெருவுல இருக்கிற வேற எந்தக் கடையிலயும் என்னைச் சேர்க்க மாட்டேங்கிறாங்க. வீட்டுக்குள்ள எங்கிட்ட சொல்லி என்ன மாமா ஆகப்போகுது?"

குரல் அப்போதும் உயரவில்லை. முன்பு அந்த மெல்லிய குரலைத்தான் கள்ளத்தனம் என்று கொக்கி நினைத்திருந்தார்.

ரத்தம் ஏறியது. மெதுவாக ஏறியது. கண்ணிமைக்குள் சிவப்பு வந்தது. நர்ஸம்மா, "இப்படியே போனா இங்கயே பார்த்துக்கலாம்," என்றாள். மகள் பரணிலிருந்து டீத்தூள் டப்பாவை இறக்கச் சொன்னாள். மாத்திரைக்கு ரொம்ப நேரம் தள்ளி ஒரு வாய் குடித்தாள்.

கொக்கி ஒருநாள் மருந்துக்கடைக்குப் போனார். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். கூட்டம் இருந்தது. முதலாளி கல்லாவிலிருந்து பார்த்துவிட்டு, "வாங்க பெரியவரே, இன்னொரு பாட்டில் கொண்டாந்தீங்களா?" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். மருமகன் நின்ற இடத்தில் ஒரு புதுப் பையன் சீட்டை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தான். நூறு கிலோ தூக்கி நடந்த உடம்பு அது. ஒரு வாக்கியத்தைத் தூக்க முடியவில்லை. இருமல் மிட்டாய் கேட்டு வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டார். அவருக்கு இருமல் இல்லை.

மகள் கேட்டாள்: "சொன்னீங்களா?"

"கூட்டமா இருந்துச்சு."

"திட்டுறப்பவும் கூட்டமாத்தானே இருந்துச்சு?"

மருமகன் இன்னும் தண்ணீர் கேன்தான் போடுகிறான். அந்தக் கடை வாசலில், ஆட்கள் நிற்கிற நேரத்தில், "மாத்திரை நல்லது, மருமகன் நல்லவன், தப்பு என்னோடது" என்று கொக்கி வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மருமகனுக்கு அவர் பட்டிருக்கிற கடன் அது. இன்னும் தீர்க்கவில்லை.